பச்சை மினுக்கம் போன பிறகு பில் போடுங்கள்

ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தோடு தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பட்டறைகளுக்கும் சீசன் வந்துவிடும். மதுரை, விருதுநகர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு வரும் கார்கள், கொல்லத்திலிருந்து ஆரியங்காவு, புளியரை வழியாக மலையிறங்கி வரும் கார்கள், மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்கும் வேன்கள். சமவெளியில் பதுங்கிக் கிடந்த கசிவு மலைப்பாதையில்தான் வெளிப்படும். எஞ்சின் சூடேறி, ஆயில் இளகி, ரேடியேட்டரில் அழுத்தம் கூடி, ஏசி கம்ப்ரசர் ஓயாமல் சுற்றும்போது தேய்ந்த பேக்கிங்கும் காய்ந்துபோன ஓ-ரிங்கும் தாங்காது. "ஏசில குளிர்ச்சியே இல்ல அண்ணாச்சி", "நின்ன இடத்துல ஆயில் சொட்டுது", "ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி ஊத்த வேண்டியிருக்கு." சீசனில் பட்டறைக்கு வரும் புகார்களில் இந்த மூன்றும் தவறாது.

மூன்றுக்கும் இன்று ஒரே வழியில் விடை தேடுகிறோம். ஒளிரும் சாயத்தை உள்ளே விட்டு, வண்டியை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து யுவி டார்ச் அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக மினுங்கும். அதைக் கண்டுபிடித்தவருக்குப் பாராட்டு கிடைக்கும். பேக்கிங் மாற்றியவருக்குக் கூலி கிடைக்கும். எஞ்சினெங்கும் தெறித்துக் கிடக்கும் சாயத்தைத் துடைக்கிற வேலை மட்டும் பட்டறையில் ஆகச் சின்னப் பையன் தலையில் விழும். "ஏல, அதக் கொஞ்சம் தொடச்சு விடு" என்று ஒரு வாளியும் பனியன் வேஸ்டும் நீட்டப்படும்.

அந்தப் பையனுக்காக எழுதுகிறேன். வாளியை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வந்திருப்பது கசிவு வேலையின் கடைசிச் சோதனை. பழைய சாயம் சுத்தமாக நீங்கினால்தான், நாளைக்கு டார்ச் அடிக்கும்போது தெரிகிற மினுக்கம் புதுக் கசிவு என்று சொல்ல முடியும். அரைகுறையாகத் துடைத்த எஞ்சினில் அடுத்த முறை டார்ச் அடிக்கும் மெக்கானிக் பழைய மினுக்கத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கும் ஆயில் சீலை மாற்றுவார், அல்லது புதுக் கசிவைப் பழசு என்று விட்டுவிடுவார். இரண்டிலும் வாடிக்கையாளர் பணம் போகும், பட்டறையின் பெயர் போகும்.

சாயம் எந்தச் சாதி?

துணியை எடுக்கும் முன் எந்தச் சாயம் என்று கேளுங்கள். கூலன்ட்டில் விடும் சாயம் தண்ணீரில் கரையும். எஞ்சின் ஆயிலிலும் ஏசியிலும் விடுவது எண்ணெயில் கரையும். கூலன்ட் சாயத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான கார் ஷாம்பும் போதும். எண்ணெய்ச் சாயத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அது போகாது, பரவும். பிரஷர் வாஷரை நேரே பிடித்தால் ஒரு இடத்தில் இருந்த சாயம் பத்து இடத்துக்குப் போய், எது மூலம் எது தெறிப்பு என்று யாரும் சொல்ல முடியாமல் ஆகிவிடும். எண்ணெய்ச் சாயத்துக்கு டிகிரீசர் வேண்டும். ஏசி இணைப்புகளில் ஒட்டியதற்குச் சாயம் எடுக்கவென்றே விற்கும் கிளீனரோ, ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ சரி.

சாயம் விடும் மாஸ்டரிடம் இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மில்லி? சிறிய காரின் ஏசிக்குப் பெரும்பாலும் 7 அல்லது 8 மில்லி போதும். டப்பாவில் போட்டிருக்கும் அளவே கணக்கு. "நல்லா தெரியட்டும்" என்று கூட ஊற்றினால் கம்ப்ரசர் ஆயிலின் தன்மை கெடும், துடைக்கும் வேலையும் இரட்டிப்பாகும். காரின் ஏசிக்கான இந்தச் சாயத்துக்கும், அதை விடும் கருவிக்கும், பயன்படுத்தும் முறைக்கும் எஸ்.ஏ.இ. என்ற சர்வதேச வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே 2297, 2298, 2299 என்று மூன்று தர விதிகள் வகுத்திருக்கிறது. சாயம் வாங்கும்போது டப்பாவில் ஜே 2297 என்ற எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாத மலிவுச் சாயத்தால் கம்ப்ரசர் கெட்டால் பதில் சொல்ல வேண்டியது பட்டறைதான்.

இந்த நுட்பம் பட்டறையில் பிறந்ததில்லை. ஃப்ளூரசின் என்ற சாயத்தை ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1871-ல் உருவாக்கினார். ஆறே ஆண்டுகளில், 1877-ல், அதைக் கொண்டு ஒரு ஆற்றின் கசிவைக் கண்டுபிடித்தார்கள். தெற்கு ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி மறைகிறது. அங்கே சாயத்தைக் கரைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்றில் தண்ணீர் பச்சையாக மினுங்கியது. ஆற்று நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அதோடு விடை கிடைத்தது. நீங்கள் ஒரு ஹோஸ் கிளிப்பில் தேடுவதும் அதே கேள்விக்கான விடையைத்தான்.

துடைக்கும் முன் படம்

முதல் வேலை, போன் கேமராவை எடுப்பது. டார்ச் அடித்த நிலையில் மினுங்கும் ஒவ்வொரு இடத்தையும் படம் பிடியுங்கள். ஆக மேலேயும் ஆக முன்னாலும் மினுங்கும் இடத்தைத் தனியாக எடுங்கள். ஆயில் கீழே இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே மூலம் பெரும்பாலும் மேலேயும் முன்னேயும் இருக்கும். டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசிந்தது சம்ப்பில் போய்ச் சொட்டுவது அன்றாடம் நடக்கிறது. சம்ப் பேக்கிங்கை மாற்றிவிட்டு, கசிவு நிற்கவில்லையே என்று முழிக்கும் பட்டறைகளும் உண்டு. நீங்கள் எடுத்த படம் அந்தத் தவறைத் தடுக்கும்.

டார்ச் அடிக்க வெளிச்சம் எதிரி. மேகம் மூடிய குற்றாலப் பகலில்கூடத் திறந்த ஷெட்டில் மினுக்கம் மங்கிவிடும். வண்டியை உள்ளே தள்ளுங்கள், அல்லது பானட்டின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பாருங்கள். டார்ச்சோடு வரும் மஞ்சள் கண்ணாடியைக் கட்டாயம் போடுங்கள். அது நீலப் பிரதிபலிப்பை வடிகட்டிச் சாயத்தைத் தெளிவாகக் காட்டும், கண்ணையும் காக்கும். டார்ச்சை நேராகப் பார்க்கவே கூடாது. யுவி ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, தெரியாமலே கெடுதல் செய்யும்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். கையில் ஒட்டிய சாயம் ஸ்டீயரிங், சீட், கதவுப் பிடி என்று பயணிக்கும். நம் ஊரில் வாடிக்கையாளர் வெள்ளை வேட்டியோடு வந்து ஃபெண்டரில் சாய்ந்துகொண்டு பேசுவார். ஃபெண்டர் மேல் கவர் போடாமல் வேலை தொடங்காதீர்கள்.

வேலையின் வரிசை

எஞ்சின் ஆற வேண்டும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற வேண்டும். சூடான மேனிஃபோல்டில் கிளீனர் பட்டால் புகை, நெருப்பு இரண்டுக்கும் வழி. பிரேக் கிளீனர் ஸ்பிரே சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். கொதிக்கும் உலோகத்திலோ வெல்டிங் தீப்பொறியிலோ அதன் ஆவி பட்டால் நச்சு வாயு உண்டாகும். டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டு மட்டும் தொடுங்கள். குளோரின் இல்லாத ரகம் என்றாலும் அது எளிதில் தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும். வெறும் உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈ.சி.யூ., காற்று உள்ளிழுக்கும் வாய், திறந்த கனெக்டர்கள் எல்லாவற்றையும் பாலித்தீன் சுற்றி மூடுங்கள். ஹைபிரிட் வண்டி என்றால் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாதீர்கள், பக்கத்தில் தண்ணீரும் அடிக்காதீர்கள். அது உயர் மின்னழுத்தம். பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

பிறகு அடித்தட்டு. பானட்டுக்கு மேலிருந்து எவ்வளவு அழகாகத் துடைத்தாலும், கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றாவிட்டால் வேலை வீண். சொட்டிய சாயம் முழுவதும் அங்கேதான் தேங்கி நிற்கும். வண்டி முதல் பள்ளத்தில் குலுங்கியதும் மறுபடி எஞ்சின் அடியில் தெறிக்கும். தட்டைக் கழற்றித் தனியாகக் கழுவி, காயவைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, கடைசியில் மாட்டுங்கள்.

இப்போது துடைப்பு. முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேங்கியிருப்பதில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அடுத்து கிளீனரைத் துணியில் அடித்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பாகத்தின் மேல் நேராக அடித்தால் அது சென்சார் கனெக்டருக்குள்ளும் பெல்ட்டின் மேலும் இறங்கும். ஆயிலோ கிளீனரோ ஊறிய பெல்ட் வழுக்கும், கீச்சிடும், சீக்கிரம் வெடிக்கும். இடுக்குகளுக்கு நைலான் பிரஷ், போல்ட் தலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். துணியை அடிக்கடி மாற்றுங்கள். சாயம் ஏறிய துணி அடுத்த இடத்தைத் துடைக்காது, அங்கும் சாயம் பூசும். கடைசியில் கைப்பம்பு ஸ்பிரேயால் கொஞ்சம் தண்ணீர், குறைந்த அழுத்தத்தில் காற்று.

ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளில் பிரஷ் போடவே கூடாது. விரல் பட்டாலே மடங்கும். அங்கே கிளீனரைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஏசி சர்வீஸ் வால்வின் வாயையும் மறக்கக் கூடாது. கேஸ் ஹோஸைக் கழற்றும்போது அங்கே ஒரு துளி சாயம் தெறித்தே தீரும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் உள்ளே துடைத்து மூடியைப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த பட்டறையில் "வால்வு லீக்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் முனையை மட்டும் கழுவும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மினுக்கம் இருந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிகிறது என்று பொருள். அது பெரிய வேலை. அவசரத்தில் கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் எஞ்சின் கழுவப் பயன்படுத்த வேண்டாம். பல இடங்களில் இன்னும் இந்தப் பழக்கம் இருக்கிறது. நெருப்பு ஆபத்து ஒருபுறம். ரப்பர் ஊதிப்போகும், மேலே படியும் எண்ணெய்ப் பசையில் தூசி அப்பும், அந்தப் பசையும் யுவி ஒளியில் மங்கலாக மினுங்கும். கழுவி முடித்ததும் "துருப் பிடிக்காது" என்று அடியில் கழிவு ஆயில் அடிப்பது இன்னும் மோசம். அந்தக் கழிவு ஆயில் சாயம் விட்ட இன்னொரு எஞ்சினிலிருந்து வடித்ததாக இருக்கலாம். அதை அடித்தால் வண்டியின் வயிறு முழுவதும் பச்சையாக மினுங்கும். அப்புறம் எந்தக் கசிவையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மினுங்குவதெல்லாம் சாயம் இல்லை

இந்த இடத்தில்தான் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் வித்தியாசம் தெரியும். துடைத்து முடித்து டார்ச் அடிக்கிறீர்கள், எஞ்சின் முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் புள்ளிகள் மினுங்குகின்றன. பயப்படாதீர்கள், அது நீங்கள் துடைத்த பனியன் வேஸ்டின் நூல். வெள்ளைத் துணிக்குப் பளிச்சென்ற நிறம் கொடுக்கச் சேர்க்கும் ரசாயனம் யுவி ஒளியில் நீலமாக ஒளிரும். துணி துவைக்கும் சோப்புத் தூளிலும் அதுவே இருக்கிறது. ஆகவே சோப்புத் தூள் போட்டு எஞ்சின் கழுவினால் காய்ந்த பின் நீலப் படலம் தெரியும். கடைசித் துடைப்புக்கு நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி நல்லது.

பச்சைக் கூலன்ட் பலவற்றில் சாயம் ஏற்கெனவே கலந்தே வருகிறது. யாரும் தனியாகச் சாயம் விடாத ரேடியேட்டர்கூட டார்ச்சில் பச்சையாகத் தெரியலாம். கூலன்ட் ஊற்றும்போது சிந்தியதைக் கசிவு என்று நினைத்து வாட்டர் பம்ப்பைக் கழற்றிவிடாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பிறகு வரும் வண்டிகளில் பானட்டின் அடியிலும் பாட்டரி மேலும் ரேடியேட்டர் சட்டத்திலும் மஞ்சள் வைத்திருப்பார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் யுவி ஒளியில் மஞ்சள் பச்சையாக மினுங்கும். எண்ணெயோடு கலந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும், கசிவுச் சாயத்தின் நிறத்துக்கு மிக அருகில் வந்துவிடும். அந்த நாட்களில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு டார்ச் அடியுங்கள். பொட்டு வைத்த இடம் வட்டமாக இருக்கும், கசிவு வழிந்த தடமாக இருக்கும். பூஜைப் பொட்டைத் துடைக்கும் முன் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாயம் உள்ளே இருக்கிறது

துடைப்பது வெளியே மட்டும். ஏசிக்குள் விட்ட சாயம் கம்ப்ரசர் ஆயிலோடு கலந்து சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஆயிலில் விட்டது ஆயில் மாற்றும்வரை இருக்கும், மாற்றிய பின்னும் ஒரு சாயல் தங்கும். இதை வாடிக்கையாளரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். இல்லையென்றால் டிப்ஸ்டிக்கில் பச்சை தெரிந்ததும் "என்ன அண்ணாச்சி, தொடைக்கவே இல்லையா?" என்று போன் வரும். சாயம் விட்ட தேதி, கிலோமீட்டர், எதில் விட்டது என்ற மூன்றையும் ஜாப் கார்டில் எழுதி, பானட்டின் உட்புறம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். அடுத்து எந்த ஊர்ப் பட்டறையில் அந்த பானட்டைத் திறந்தாலும் அந்த ஸ்டிக்கர் உங்களுக்காகப் பேசும்.

மறுசோதனைக்கு நமக்கு வாய்த்த பாதை வேறு ஊருக்கு இல்லை. வண்டியைப் புளியரை வரை கொண்டுபோய், ஏசியைப் போட்டபடி கணவாய் ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஏற்றி இறக்குங்கள். பட்டறைக்குள் ஐடிலில் ஓடவிட்டால் வராத அழுத்தமும் சூடும் அங்கே வந்துவிடும். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் மறுபடி டார்ச், மறுபடி படம். மெல்லிய கசிவு வெளியே வரச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், உள்ளூர் வண்டி என்றால் ஒரு வாரம் கழித்து இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள். வெளியூர் வண்டிக்காரருக்கு இரண்டு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு பில் போடுங்கள். துடைப்புக் கூலியையும் மறுசோதனையையும் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். தனி வரியாக எழுதாத வேலைக்கு யாரும் மதிப்புத் தர மாட்டார்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. வழியில் எத்தனை குளம், எத்தனை வயல், எத்தனை ஊரின் குடிநீர். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. குளிக்கிறவரின் ஷாம்புக்கே தடை இருக்கும் ஆற்றில் நம் டிகிரீசரும் எஞ்சின் ஆயிலும் கலப்பதை எப்படி ஏற்பது? ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி எஞ்சின் கழுவும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

கழிவு ஆயிலும் ஆயில் ஊறிய துணியும் 2016-ன் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் வருகின்றன. ஆயிலைத் தனி டிரம்மில் பிடித்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும். துணிக்கு மூடியுள்ள இரும்பு டப்பா வையுங்கள், எஞ்சின் மேல் துணியை மறந்துவிட்டு பானட்டை மூடாதீர்கள். கூலன்ட்டுக்கு இன்னும் கவனம் தேவை. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தரையில் தேங்கியதைத் தெருநாயோ மாடோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். தட்டில் பிடியுங்கள். சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளுங்கள்.

அடுத்த படி

பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு எடுத்தால் இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. கார் ஏசியில் ஆர்வம் இருந்தால் குளிர்பதனப் பிரிவு இரண்டு ஆண்டு. இந்தப் பகுதிப் பிள்ளைகள் திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் சேரும்போது பெரும்பாலும் முதல் இரண்டையே யோசிக்கிறார்கள். என் கணிப்பில் சாய வேலைக்கு மூன்றாவது பிரிவு அதிகம் உதவும், ஏனென்றால் காரில் எஞ்சின் மாறி மின்சார மோட்டார் வந்தாலும் ஏசி இருக்கும், அது கசியவும் செய்யும். படித்து முடித்தவர்கள் 1961-ன் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு பெரிய சர்வீஸ் சென்டர்களில் பயிற்சிக்குச் சேரலாம். படிக்காமல் பட்டறையிலேயே வளர்ந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. கையில் இருக்கும் வேலைக்கு ஆதாரம் காட்டினால் போதும்.

அந்த ஆதாரம் உங்கள் போனிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் துடைக்கும் முன் ஒரு படம், துடைத்த பின் ஒரு படம், மலையேறி வந்த பின் ஒரு படம் என்று தனித்தனி ஆல்பமாகப் போட்டு, கீழே என்ன கசிந்தது, எதை மாற்றினோம், எந்தக் கிளீனர் போட்டோம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். வேலைக்கு நேர்காணல் போகும்போது சர்வீஸ் மேனேஜரிடம் அதைத் திறந்து காட்டுங்கள். "கண்டென்சர்ல ஏன் பிரஷ் போடல?" என்று அவர் கேட்டால், தகடு மடங்கும் என்று உடனே பதில் வர வேண்டும். எந்தப் படத்திலும் நம்பர் பிளேட்டும் வண்டிக்காரர் முகமும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.